உங்கள் பக்கம் பேசினேன்

பிப்ரவரி 9

என்னங்க,

வானத்தில் உட்கார்ந்து கப்பல் சாமான் இறக்கும் கிரேன் ராஜாவுக்குத் தரையில் இருக்கும் வாயாடி எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் நான் கத்துகிறேன், நீங்கள் "சரி, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள்.

நானும் மகளும் நலம். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். செருப்பு வாங்கி மாளவில்லை.

ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்றேனே, அது டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. உட்கார்ந்தாலே ரப்பர் வாசம். ஒரு டாக்ஸி டிரைவர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், இரண்டு நர்ஸ்கள், இன்னும் பத்துப் பேர், நான். கடை எங்கே, விலை என்ன என்று கேட்கக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். டீச்சர் வந்த வேகத்தில் போர்டில் எழுதினார்: உயர்கல்வி எல்லோருக்கும் உரிமையா? அடுத்த வாரம் இன்னொன்று: நவீன சமூகத்தில் குடும்பம் என்றால் யார் யார்? எழுதிவிட்டு என்னைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். வேறு யாரையோ கேட்கிறார் என்று நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

இத்தனை வருடம் லேபில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைப் பார்த்து என்ன குறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். தத்தித் தத்தி வந்தது. ஆனால் வந்தது கருத்துங்க! எனக்குள் இப்படி ஒன்று குடியிருப்பது எனக்கே தெரியாது. படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. என் துறையேதான், இரண்டு வருடம், விமானத்தில் போகிற தூரம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறிவிட்டால் ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்கு வருவது ஜூலையில். தெரிந்துதான் கேட்கிறேன். போகட்டுமா?

உங்கள்
வாயாடி

*

பிப்ரவரி 26

வாயாடிக்கு,

மகளுக்கு என் முத்தம். கடிதம் கிடைத்தது. வகுப்புக் கதையைப் படித்துச் சிரித்தேன்.

மற்றதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான்.

பன்னிரண்டு வருடம் தனியாகக் கிடந்தது போதும் என்றுதான் வருகிறேன். உன்னோடு இருக்கத்தான் வருகிறேன், நாலு சுவரோடு இருக்க அல்ல. நான் உள்ளே வர, நீ வெளியே போக, அதற்குப் பேர் குடும்பமா? பிள்ளைக்கும் இந்த வயதில் அம்மா பக்கத்தில் வேண்டும்.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் கேபினுக்குள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறேன். கீழே கையசைத்தால் தூக்குவேன், கையசைத்தால் இறக்குவேன். அப்படிப்பட்டவனிடம் எவ்வளவு பேச்சு இருக்கும்? நீ படித்தவள். யோசித்துக்கொள். கோபம் ஒன்றும் இல்லை.

நீ வைத்த பேர்தான்,
மௌனசாமி

*

மார்ச் 19

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பார்த்து மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் டீச்சருக்கு ஒரு வழக்கம். விவாதம் என்றால் சீட்டுக் குலுக்கிப் போடுவார். எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். "உங்க பக்கத்த உங்க வீட்ல பேசிக்கோங்க. இங்க மத்தவங்க பக்கத்தப் பேசுங்க" என்பார். போன வாரத் தலைப்பு என்ன தெரியுமா? படிப்புக்காகக் குடும்பம் பிரிந்து வாழலாமா? எனக்கு வந்த சீட்டு: கூடாது.

என் தலையெழுத்து என்று எழுந்து நின்று, உங்கள் கடிதத்தையே ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நீங்கள் எழுதியதே அவ்வளவுதானே! பேச வேண்டியதோ ஐந்து நிமிடம். டீச்சர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு "அப்புறம்?" என்றார்.

அப்புறம் என்ன? நீங்கள் எழுதாமல் விட்ட அந்த 'அப்புறம்' என்ன என்று அந்த இடத்தில் நின்றுதான் யோசித்தேன். பிறகு பேசினேன். தமிழில் எழுதுகிறேன்:

"ஒரு மனிதர் வருடத்துக்கு ஒரு தடவை தன் வீட்டுக்கு வருகிறார். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியாது. தட்டித் தட்டிப் பார்ப்பார். யாராவது கவனித்தால் கையை எடுத்துவிடுவார். தாகம் எடுத்தால் ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டார், மனைவி வரும்வரை காத்திருப்பார். மகள் தன் ஓவியங்களை, வந்த விருந்தாளிக்குக் காட்டுவதைப் போல மரியாதையாக அவருக்குக் காட்டுவாள். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் உழைப்பு. ஆனால் அவர் அதில் வாழ்ந்ததில்லை. வயதாவதற்குள் ஒரு தடவையாவது வீட்டு மனிதராக இருக்க ஆசைப்படுகிறார். அது தவறா?"

தமிழ் என்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். ஆங்கிலத்தில் சுற்றி வளைக்க என்னிடம் சொல் இல்லை. நேராக உண்மைக்குத்தான் போக முடிந்தது. டாக்ஸிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் வேறு எங்கேயோ பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவராம். ஓட்டெடுப்பில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் என் பக்கம், அதாவது உங்கள் பக்கம், கை தூக்கினார்கள். என் ஆசைக்கு எதிராக அத்தனை கைகள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? உங்களுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்தபோதெல்லாம் தெரியாதது, டயர் கடை மாடியில் நின்றபோது தெரிந்தது.

அதனால் நான் போகவில்லைங்க. தோற்றுப்போய்ச் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டுச் சொல்கிறேன். வரவில்லை என்று மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிடுவேன். அழுகை வருகிறதுதான். அது பாட்டுக்கு வரட்டும்.

வாயாடி

*

மார்ச் 27

வாயாடிக்கு,

அவர்களுக்கு எழுதாதே. எழுதியிருந்தால், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று மறுபடி எழுது. போனில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே இருக்கிற தம்பி கையசைத்துக் கையசைத்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினான். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

சுவிட்ச் தேடியதை நீ பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். இதையெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அரைகுறையாகத் தெரிந்த ஒரு பாஷையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று, என் நெஞ்சில் கிடந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறாய். இது என் பொண்டாட்டியா என்று மலைத்துப்போனேன். இன்னும் மலைப்பு தீரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இரண்டாம் தடவை படித்தபோது உன்னைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. யாராவது ஒருத்தர் புரிந்துகொண்டால் போதும் என்றுதான் அது அத்தனை நாள் பிடிவாதம் பிடித்திருக்கிறது போல.

உங்கள் டீச்சர் சொன்னபடி நானும் உன் பக்கம் பேசிப் பார்த்தேன், கேபின் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாக. "இவளுக்குள் இவ்வளவு இருப்பது இப்போதுதான் இவளுக்கே தெரிந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் எதிரில் சும்மா உட்கார வைத்து நான் என்ன செய்வேன்?" அவ்வளவுதான் வந்தது. அப்புறம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

மகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்தில் நானும் அவளும் விருந்தாளி மரியாதையை விட்டுச் சண்டை போடும் அளவுக்காவது வந்துவிடுவோம்.

ஜூலையில் நான் வந்ததும், நீ கிளம்புவதற்குள் ஒரு நாள், அந்தப் பேச்சை ஆங்கிலத்திலேயே எனக்குப் பேசிக் காட்ட வேண்டும். மகளும் உட்காரட்டும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. பரவாயில்லை, நீ நின்று பேசுவதைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் வகுப்பில் செய்தது போல ஓட்டெடுப்பு வை. நீ என் பக்கம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சரி, அதற்கு எதிராக முதலில் தூக்குகிற கை என்னுடையதாக இருக்கும்.

மௌனசாமி