தும்மலுக்கு முந்தைய முகம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கம்ப்யூட்டர் மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் நேற்றுதான் சுகமானார், அந்தச் சந்தோஷத்தில்தான் என் கையெழுத்து இப்படிக் கோணல்மாணலாக ஓடுகிறது, பொறுத்துக்கொண்டு படி. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வராது. கொஞ்ச நாளைக்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று செய்தி அனுப்பியிருந்தாய். சரி, கூப்பிடவில்லை. எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லையே! அதனால்தான் கடிதம். அதோடு காகிதம் பாதியில் நின்றுபோய் மானத்தை வாங்காது.

முதலில் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அன்றைக்கு நீ திரையில் பார்த்தது அப்பாவின் கோபம் இல்லை சிட்டு, தும்மல். சத்தியமாகத் தும்மல். மூக்கு நுனி வரை வந்துவிட்டு, போவதா வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்த தும்மல். சரியாக அந்த நொடியில் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. உன் பக்கத்தில் அப்பா புருவத்தை நெரித்து, உதட்டைச் சுழித்து, யாரையோ அடிக்கப் போகிறவர் போல உட்கார்ந்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தாயே, நான் ஏன் குனியப் போகிறேன், மவுஸ் கீழே விழுந்துவிட்டது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அசையாத அந்த இரண்டு பேரையும் பார்த்து நீ பாட்டுக்கு மனதில் உள்ளதை எல்லாம் சொல்லி முடித்திருக்கிறாய், பதிலே வராமல் லைனும் கட்டானதும் அப்பாதான் கட் பண்ணிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டாய். மெஷின் நின்றுபோனது உனக்குத் தெரியாதா என்று முதலில் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தேன், பயந்துகொண்டே சொல்கிறவளுக்கு எதிரே இருக்கிற முகம் மட்டும்தானே கண்ணில் படும்.

எங்கள் பக்கத்துக் கதையையும் கேள். நீ வந்ததும் ஒரு முக்கியமான விஷயம் என்றாய், நான் ஒருத்தரை என்று ஆரம்பித்தாய், அவ்வளவுதான், வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாய். ஒருத்தரை என்ன செய்தாய்? பார்த்தாயா, அடித்தாயா, வண்டியில் போய் இடித்தாயா? ஒரு மண்ணும் புரியவில்லை. அதற்குள் அப்பாவின் தும்மல் வந்து மேசையே ஆடிவிட்டது. நாங்கள் பிளக்கைப் பிடுங்கிச் சொருகி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் போனில் உன் செய்தி, அப்பா முகத்தைப் பார்த்தேன், அது போதும் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா கண்ணாடி முன்னால் போய் நின்று என் முகத்துக்கு என்ன குறை என்று கேட்கிறார். பாவம், அன்று ராத்திரி அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

வேறு வழியில்லாமல் உன் அண்ணனைப் போனில் பிடித்தேன். எனக்கென்ன தெரியும் என்று மழுப்பினான். அண்ணிதான் பின்னாலிருந்து, சொல்லித் தொலைங்களேன், பாவம் அவங்க என்று ஒரு அதட்டுப் போட்டாள், மடமடவென்று கக்கிவிட்டான். ஒரு வருஷமாக வாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான் திருட்டுப் பயல்! நீ கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைக்கிறவர் பிசியோதெரபி பார்க்கிறவர், மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, எல்லாம் சொன்னான். பொய் சொல்ல மாட்டேன் சிட்டு, குழந்தை இருக்கிறது என்றதும் எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்பா போனை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பொண்ணு நம்ம சிட்டுகிட்ட ஒட்டிக்கிச்சா என்று அதை மட்டும் கேட்டார். சிட்டு கதை சொல்லாம அது தூங்காதுப்பா என்றான் அண்ணன். அப்புறம் என்னடா, ஒருத்தர் வருவார்னு பார்த்தா ரெண்டு பேரா வர்றாங்க என்றார் உன் அப்பா. அதற்குமேல் எனக்கு என்ன திக்? ஆனால் அப்பா தலைகால் புரியாமல் குதித்தது அதற்கு இல்லை. வரப்போகிற மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷனுக்கு, கார் ஓட்டத் தெரியாத மாப்பிள்ளை! வீட்டுக்குள்ளேயே மூன்று சுற்று சுற்றி வந்தார்.

அப்போதுதான் அண்ணன் அந்தப் படத்தை அனுப்பினான். அப்பா முகத்தைப் பார் என்று நீ திரையை அப்படியே படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தாயே, அது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. இந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியாதா? அப்பாவின் கோபத்தில் இடது புருவம் மட்டும் ஏறும், காது சிவக்கும். இதில் இரண்டு புருவமும் இறங்கி, மூக்கு விடைத்து, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. இது தும்மலுக்கு முந்தைய முகம், எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். தும்மல் ஏன் வந்தது என்றால் அதுவும் கம்ப்யூட்டரால்தான். ரிப்பேர்காரர், உள்ளே தூசி அடைச்சிருந்தாலும் மெஷின் நிக்கும் என்று சொல்லியிருந்தார். அதனால் நீ திரையில் வரப்போகிறாய் என்று அரை மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்து, சிபியு பெட்டியின் ஓட்டை ஓட்டையாக நான் பிரஷ்ஷால் தட்டினேன். அத்தனை தூசியும் நேராக அப்பா மூக்குக்குள் போய்விட்டது.

நான் பூசி மெழுகுகிறேன் என்று நினைப்பாய். சின்ன வயதிலிருந்தே, அம்மா சமாதானத்துக்குச் சொல்லுவா, அப்பா வாயால வரட்டும் என்று நிற்பவள் நீ. அதனால்தான் மெஷினைச் சரிபண்ணாமல் உன் முகத்தில் விழிப்பதில்லை என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மறுபடி பேசும்போது மறுபடி நின்று தொலைத்தால்? உனக்குத்தான் தெரியுமே, பல மாதமாக உன்னோடு பேசும்போதெல்லாம் இது நடுவில் நின்றுபோகும். ரிப்பேர்காரர் கடைக்கு எடுத்துப் போய் நாள் முழுக்க ஓடவிட்டார், ஒரு கோளாறும் இல்லை. அப்பா தனியாகச் சீட்டு விளையாடினால் மணிக்கணக்கில் ஓடும். நான் தனியாகத் தையல் வீடியோ பார்த்தால் தங்கம் மாதிரி ஓடும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் பொட்டென்று நிற்கும். உங்க ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு என்று ரிப்பேர்காரர் சிரித்தார். அப்பா என் கை ராசி சரியில்லை என்றார், நான் அவர் மூச்சுக்காற்று சரியில்லை என்றேன்.

முந்தாநாள் ஒரு முடிவோடு உட்கார்ந்தோம். நான் மவுசோடு நடுவில், அப்பா வழக்கம்போல என் பக்கத்து நாற்காலியில், அங்கே கிளிக் பண்ணு, மெதுவா, அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் என் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேசைக்கு அடியில் என்ன பார்த்தேன் தெரியுமா, அப்பாவின் வலது கால் சிபியு பெட்டியின் மேல்! நான் ஒவ்வொரு முறை கிளிக் பண்ணும்போதும் அது பெட்டியை அழுத்துகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது, சூடு வெளியே வருகிற வாயே அடைந்துபோய்விட்டது. பிரேக் சிட்டு, பிரேக்! பழகுகிற காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, வாழ்நாள் முழுக்க அதை மிதித்து மிதித்து, பக்கத்தில் ஒருத்தர் எதை ஓட்டினாலும் இவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. தனியாக உட்கார்ந்தால் அவர்தான் டிரைவர், பிரேக் வேண்டாம். நான் தனியாக உட்கார்ந்தால் பிரேக் போட ஆளில்லை. மறுநாள் காலையில் பெருக்கும்போது நானே பெட்டியை முன்னால் இழுத்து வைத்துவிடுவேன், அதனால் குட்டு வெளிப்படவே இல்லை. உன்னோடு பேசும்போது நான் பரபரக்கிற பரபரப்பில் அவர் எவ்வளவு அழுத்தியிருப்பார் பார்!

நான் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். என்ன என்ன என்று குனிந்த அப்பா தன் காலைத் தானே திருதிருவென்று பார்த்தார், அப்புறம் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். போனில் கேட்டபோது ரிப்பேர்காரரும் ஆமா, பின்னாடி அடைச்சா சூடேறி நின்னுடும், நல்லா காத்துப்படற இடத்துல வைங்க என்றார். ஆனால் எங்கே வைப்பது? அது உன் அறை. நீ போனதிலிருந்து உன் கட்டிலை இம்மிகூட நகர்த்த அப்பா விட்டதில்லை, வந்தால் படுக்க வேண்டும் என்று. அதனால்தான் மேசை மூலையில் இடுங்கிக் கிடந்தது. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார், மூணு பேருக்கு இது எப்படிப் பத்தும், பெருசா ஒண்ணு பார்க்கணும், இதை அந்தச் சின்னப் பொண்ணுக்கு ஜன்னல் ஓரமாப் போடு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். கட்டிலுக்கு அடியில் நீ தேடித் தேடி வீட்டையே ரெண்டாக்கிய அந்த ஒற்றைச் செருப்பு கிடைத்தது, ஜோடியை நான்தான் தூக்கிப் போட்டுவிட்டேன், என்னைத் திட்டாதே.

இப்போது சிபியு பெட்டி ஒரு ஸ்டூல் மேல் நாலு பக்கமும் காற்று வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்பா கால் வைத்து அழுத்த ஒரு மணைப்பலகை தனியாகப் போட்டிருக்கிறேன், ஆசை தீர மிதிக்கட்டும். நேற்று அண்ணனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிப் பார்த்தோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை, அவன்தான் போதும்மா தூக்கம் வருது என்று ஓடினான். இருந்தாலும் அப்பாவுக்குப் பயம் விடவில்லை. மெஷினை நம்ப முடியாது, எந்த நொடியில் நின்றாலும் நல்ல முகமாக நிற்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். ஷேவ் பண்ணும்போதெல்லாம் ஒத்திகை நடக்கிறது. காய்காரர் வந்தபோதுகூட அதே சிரிப்பு, அந்த மனுஷன் என்னவோ என்று பயந்து இரண்டு தக்காளி கூடப் போட்டுவிட்டுப் போனார்.

கடிதம் கிடைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, நாங்கள் உட்கார்ந்திருப்போம். அவரையும் பக்கத்தில் உட்கார வை, கூச்சப்பட வேண்டாம் என்று சொல். குழந்தைக்குப் பல் முளைக்கும்வரை குழைவான சாப்பாடாகக் கொடு. நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் யார் முகமாவது அசையாமல் நின்றால் முதலில் சத்தமாக ஹலோ சொல்லிப் பார்.

இத்தனை வருஷம் நான் எழுதிய கடிதம் எதிலும் அப்பா பேனா தொட்டதில்லை, நானும் கேட்டேன்னு எழுது என்பதோடு சரி. இன்றைக்கு நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே காத்துக்கொண்டு நிற்கிறார். பேனாவைக் கொடுக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா

சிட்டு, அது தும்மல்தாம்மா. மூணு பேரா வாங்க. அவருக்கு நானே கார் ஓட்டச் சொல்லித் தரேன்.
அப்பா