நாற்பத்தொரு போன்களில் என் அப்பா

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

காலை பத்து மணிக்கே நூற்றுப்பத்து டோக்கன். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரமே. கொளஞ்சி அம்மா சர்க்கரை மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலரு மாறிடுச்சேம்மா, இது பழைய வியாதிக்குக் கேக்குமா?" என்றார். கேட்கும் என்றேன். நம்பாமல்தான் போனார்.

சிதம்பரம் வீட்டுக்கு வந்தால் சிவா ஆதிரைக்குத் தலைவாரிவிட்டிருந்தான். வகிடு கோணல். வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கில் லீவு விட்டதிலிருந்து பிள்ளையை அப்பாக்காரன் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். என் அப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து சங்கரா மீன் வாங்கி வருகிறாராம்.

ஏப்ரல் 24, வியாழன்



ஆதிரையின் ரேங்க் கார்டு வாங்க எந்தத் தேதி என்று பார்க்க சிவாவின் போனை எடுத்தேன். பள்ளிக்கூட குரூப் அவன் போனில்தான் இருக்கிறது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். வாட்ஸப்பைத் திறந்தால் மேலே அவனுடைய பழைய பள்ளிக்கூட நண்பர்கள் குரூப். கடைசியாக வந்திருந்தது ஒரு ஸ்டிக்கர். அதில் அப்பா.

என் அப்பா லூர்துசாமி. கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. இரண்டு கையையும் கூப்பி, முதுகு வளைந்து. கீழே "உத்தரவு எஜமான்" என்று எழுதியிருந்தது.

ஜனவரியில் ஆதிரையின் ஆறாவது பிறந்தநாளில் எடுத்த படம் அது. சிவாவின் பெரியப்பா ஒன்பது வருடத்தில் முதல்முறையாக எங்கள் விசேஷத்துக்கு வந்திருந்தார். அப்பா போய் வணக்கம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் குனிந்துதானே கும்பிட முடியும்? படம் எடுத்தது சிவா.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பாலகுமார் "ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டுக்கு வந்துடு மச்சான்" என்கிறான். அதற்கு சிவா பதிலாக என் அப்பாவை அனுப்புகிறான். ஒருத்தன் பிரியாணி வாங்கி வரச் சொல்கிறான். இன்னொருத்தன் அப்பாவை அனுப்புகிறான். நடுநடுவே எங்கள் ஆட்களைப் பற்றி, காலனிப் பையன்கள் புல்லட் ஓட்டுவதைப் பற்றி, கோட்டாவில் வேலை வாங்கியவர்களைப் பற்றி ஜோக்குகள். சிவா எழுதவில்லை. சிரித்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி.

குரூப்பில் நாற்பத்தொரு பேர்.

குளித்துவிட்டு வந்தான். தோசை சுட்டுப் போட்டேன். நான்கு தின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவான் என்ற பயமா?

ஏப்ரல் 25, வெள்ளி

கேட்டேன். முதல் வார்த்தை என்ன தெரியுமா — "என் போனை ஏன் எடுத்த?"

அடுத்தது, "சும்மா காமெடிக்கு ஜான்சி." அடுத்தது, "ஸ்டிக்கர் பண்ணுனது பாலகுமார், நானில்ல." படம் யார் கொடுத்தது என்றேன். போனை சார்ஜரில் செருகினான். எத்தனை தடவை நீ அனுப்பியிருக்கிறாய் என்றேன்.  கடைசியில் அவனுடைய பெரிய அஸ்திரத்தை எடுத்தான். "சாதி பாக்குறவனா இருந்தா உன்னக் கட்டியிருப்பனா?"

ஒன்பது வருடமாக அந்தக் கல்யாணத்தை சர்டிபிகேட் மாதிரி லேமினேட் போட்டு வைத்திருக்கிறான். எங்கு கேட்டாலும் எடுத்து நீட்டுகிறான். என்னைக் கட்டினது எனக்குச் செய்த உபகாரமா? எங்க அப்பாவ விக்கிறதுக்கு லைசன்ஸா அது?

ஏப்ரல் 26, சனி

அவன் சட்டையை மட்டும் துவைக்காமல் வைத்துவிட்டேன். சின்னப்புத்திதான். இருக்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அப்பா மீனோடு வந்தார். வாசலிலேயே அவரிடமிருந்து பையை வாங்கினான் சிவா. நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாதது. "மாமா, மீன் சூப்பர்" என்று இரண்டாம் தடவை வாங்கித் தின்றான். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். குழம்புச் சட்டியை அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து பேசினேன். கத்தவில்லை.

"குரூப்ப விட்டு வெளிய வந்துடறேன், போதுமா?" என்றான்.

"நீ வெளிய வந்தா அப்பா வெளிய வந்துடுவாரா?"

 நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காக. உன் போனை இனி நான் தொடமாட்டேன், லாக் நம்பரும் வேண்டாம், உன்னைக் காவல் காப்பது என் வேலை இல்லை. என்னையோ பிள்ளையையோ அப்பாவையோ இனிமேல் நீ படம் எடுக்காதே. யார் முன்னால் சிரித்தாயோ அவர்கள் முன்னால் சொல், அது யார், படம் கொடுத்தது யார் என்று. நாற்பத்தொரு பேருக்கும். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்வேன், நீ இல்லை. குரூப்பில் நீ சொல்கிற வரைக்கும் கடலூர் வீட்டு வாசலை மிதிக்காதே.

"குரூப்ல போய் எப்புடி ஜான்சி அதெல்லாம்... இருவது வருசப் பழக்கம். என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பானுங்க."

அப்படியா. மிதிபட்டால் வலிக்கும் என்று தெரிகிறதே.

மே 1, வியாழன்

ஆதிரையைக் கூட்டிக்கொண்டு கடலூர் முதுநகருக்கு வந்துவிட்டேன். அப்பாவிடம், லீவுக்கு உங்களோடு இருக்கிறோம் என்றேன். அம்மா போன பிறகு வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறவர், ஒன்றும் கேட்காமல் பீரோவில் இரண்டு தட்டு காலி பண்ணிக் கொடுத்தார். என் வேலை இரண்டு ஊருக்கும் நடுவில்தான். எந்தப் பக்கமிருந்தும் அதே பஸ், அதே கூட்டம்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். மாமியார் பார்வதம் சிதம்பரத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தார். அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தார். நல்லவேளை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்டுக்கு வெளியே என்னை நிற்க வைத்து, "இந்தப் படி நீ ஏறக்கூடாது" என்று சொன்னவர் இவர். ஆதிரை பிறந்த பிறகு தானாகவே வந்து, "படி ஏறு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் சொன்னதில்லை.

அவருக்கு ஸ்டிக்கர் என்றால் என்னவென்று புரிய வைக்கவே நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. "சம்பந்தி மூஞ்சையா?" என்றார். பிறகு, "எனக்குப் புடிக்கலன்னா நான் நேராச் சொன்னேன். இவன் ஏன் சிரிச்சான்?"

சரி, இவராவது புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். காபி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "ஆனா நாலு பேரு மத்தியில எழுதச் சொல்றியே, அது ஜாஸ்திம்மா. ஆம்பளைக்கு வெளிய ஒரு மரியாதை இருக்குல்ல."

"எங்க அப்பாவும் ஆம்பளதான் அத்தை" என்றேன்.

டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மே 13, செவ்வாய்

அவனை நான் என்ன செய்தால் தகும்.

வேலை முடிந்து வந்தால் மேஜையில் ஒரு ஸ்வீட் டப்பா. ஆதிரை, "அப்பா வந்துச்சு, தாத்தாகிட்ட பேசிட்டு போயிடுச்சு" என்றாள். அப்பா டிவியைப் போடாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள வந்தார். ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு மாமான்னார். என்னன்னு கேட்டேன். சொன்னார்."

நான் இல்லாத நேரம் பார்த்து. நான் வராதே என்று சொன்ன வீட்டுக்கு. நான் சொல்லாதே என்று சொன்னதைச் சொல்ல.

"படத்தக் காட்டுங்கன்னேன். அழிச்சிட்டேன்னார். கையப் புடிச்சிக்கிட்டார். நான் என்னம்மா பண்றது? பரவால்ல மாப்ளன்னு சொல்லிட்டேன். வாய்ல தானா வந்துடுச்சு."

முப்பத்தாறு வருடம் தபால் கொண்டு போனவர். சில தெருக்களில் கையில் வாங்கமாட்டார்கள், கேட்டுக்கு உள்ளே போட்டுவிட்டுப் போ என்பார்கள். அங்கெல்லாம் சொல்லிப் பழகின பரவால்ல அது. அதை இவனும் ஒன்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அரைக்கிலோ மைசூர்பாகு கொடுத்துவிட்டு.

மொட்டைமாடியில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். "நேர்ல வந்து மன்னிப்பு கேட்டுட்டேன், இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு? உங்க அப்பாவே விட்டுட்டாரு" என்றான்.

அவர் விடல. அவரால புடிக்க முடியல. ரெண்டுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் கிட்டயா ஒம்பது வருசம் இருந்தேன்?

மே 14, புதன்

காலை பஸ்ஸில் அப்பாவுக்கு, பிள்ளைக்கு மோர் கொடுங்கள் என்று அனுப்ப வாட்ஸப்பைத் திறந்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் வட்டம்தான் இருந்தது. படம் இல்லை.

அந்தப் பிறந்தநாள் படத்தைத்தான் டிபியாக வைத்திருந்தார். நீலச் சட்டை, கூப்பிய கை. நல்லா விழுந்திருக்கேன்ல என்று எனக்குக் காட்டியிருக்கிறார். படத்தை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆதிரையிடம் கேட்டிருப்பார்.

ஆலப்பாக்கம் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார்.

மே 15, வியாழன்

மைசூர்பாகை அப்படியே குப்பை வண்டியில் போட்டேன்.

மே 25, ஞாயிறு

சிவா போன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, எப்போது வருகிறீர்கள் என்று, ஊருக்குப் போனவளைக் கேட்பதுபோல. நான் கேட்டது நடக்கவில்லையே என்றேன்.

"அவனுங்க மூஞ்சில அப்புறம் எப்புடி முழிப்பேன்?"

"எங்க அப்பா மூஞ்சில முழிச்சியே, அது எப்புடி?"

ஒன்றாம் தேதி வரைக்கும் பார்ப்பேன் என்றேன். அதற்கு மேல் பிள்ளை இங்கேதான் படிப்பாள். மிரட்டுகிறாயா என்றான். இல்லை, தேதி சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சிதம்பரம் போய் ஆதிரையின் மாற்றுச் சான்றிதழ் வாங்கினேன். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டது சிவா என்பதால் அவனும் வரவேண்டும் என்றார்கள். வந்தான். தாடி விட்டிருக்கிறான். ஆபீஸ் வராந்தாவில், "இவ்ளோ தூரம் போவணுமா ஜான்சி?" என்றான். பேனாவை நீட்டினேன்.

போட்டான்.

எனக்கு மட்டும் சுலபமாக இருந்ததா? பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கோணல் வகிடு ஞாபகம் வந்து தொலைத்தது. பிரியம் போய்விட்டால் கோபம் இவ்வளவு கனக்காது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

பிள்ளையைப் பார்க்க வருகிறான், சனிக்கிழமைதோறும். வீட்டுக்கு இல்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போய் அவனிடம் விட்டுவிட்டு, தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சோளம் வாங்கிக் கொடுக்கிறான். போனை எடுத்துப் பிள்ளையைப் படம் பிடிக்கப் போனவன், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜூலை 12, சனி

இன்று மழை, கடற்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் புது நம்பரிலிருந்து போன். பாலகுமார்.

"சிஸ்டர், உங்க வூட்டுப் பிரச்சினைய எதுக்கு எங்க குரூப்ல கொண்டாந்து கொட்டச் சொல்றீங்க? அவன் இன்னா எழுதியிருக்கான் தெரியுமா?"

தெரியாது, அனுப்புங்கள் என்றேன். அனுப்பினான், எனக்கு அவமானம் என்று நினைத்து.

நேற்று எழுதியிருக்கிறான். "இந்த ஸ்டிக்கரில் இருப்பவர் என் மாமனார் லூர்துசாமி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் பிறந்தநாளில் என் பெரியப்பாவுக்கு மரியாதை செய்தபோது நான் எடுத்த படம். பாலகுமாருக்குக் கொடுத்தது நான். உங்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியதும் நான். அது சாதித் திமிர், வேறொன்றும் இல்லை. அழித்துவிடுங்கள்."

கீழே ஒருவன், பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று எழுதியிருக்கிறான். மூன்று பேர் அந்த ஸ்டிக்கரையே பதிலாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் சிவா திரும்பத் திரும்ப ஒரே வரி எழுதியிருக்கிறான்: "அழிடா." ஒரே ஒருவன் மட்டும், தப்புதான், அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறான். கடைசியில் சிவாவையே குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நான்கைந்து வரி. நான் கேட்டதிலிருந்து இதை எழுத எழுபத்தைந்து நாள். இடையில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாறிவிட்டது. அந்த மூன்று பேரின் போனிலும் அப்பா இன்னும் குனிந்தபடிதான் இருக்கிறார். கோபம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. ஆனால் இவ்வளவு நாள் அவன் ஒருத்தன் மேலேயே குவிந்திருந்தது, இன்று கொஞ்சம் பிரிந்து அவர்கள் மேலும் போகிறது.

ஜூலை 16, புதன்

சிவா இன்னும் என்னிடம் சொல்லவில்லை. செய்துவிட்டேன் பார் என்று படம் பிடித்து அனுப்பவில்லை. தினமும் பிள்ளையிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது போல.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மூன்று பேர் மறுபடி போட்டதையும் மறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"புள்ளையப் பாக்க வரட்டும். எனக்காக ஒண்ணும் சொல்லாத. நானே பாத்துக்கறேன்."

ஜூலை 26, சனி

பத்து மணிக்கு வந்தான். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கதவைத் திறந்தது அப்பா. இத்தனை வருடத்தில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் "வாங்க மாப்ள" என்று இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். இன்று, "ஆதிரை உள்ள இருக்கா" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

சிவா கொஞ்ச நேரம் நின்றான். அவரும் உட்காரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு தரையில் ஆதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்த்தான். மத்தியானம் நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். "மாமா, ரசம்" என்று கிண்ணத்தை நகர்த்தினான். அப்பா ஊற்றிக்கொண்டார். 

ஐந்தரை பஸ்ஸுக்கு நானும் முனை வரைக்கும் நடந்தேன். "அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டான். காலையில் வா, சாயங்காலம் கிளம்பிவிடு என்றேன். தலையாட்டினான். பஸ் வந்தது, ஏறினான். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனான்.