கீச்சிடும் சைக்கிள்

ஜூன் 8, ஞாயிறு

அக்கா கேட்டாள், நானும் சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

அடுத்த மாதம் கோத்தா திங்கிப் பக்கம் கிராவல் சைக்கிளோட்டம். செம்பனைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் தொடங்கிக் காட்டுக்குள் போய் வரவேண்டும். இரண்டிரண்டு பேராக ஓட்டவேண்டும். இருவரும் சேர்ந்தே முடிக்கவேண்டும், அதுவும் மதியம் இரண்டு மணிக்குள். அக்காவின் ஜோடி அவளோடு சிங்கப்பூரில் வேலை செய்யும் மெய் லிங். மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஊரில் எல்லாரையும் கேட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள் அக்கா, பிரேமளா மகாராணி.

“நீ சும்மா பின்னால வந்தா போதும் ஷாமு. நான் பாத்துக்குறேன்.”

எங்கே பார்ப்பாள்? சைக்கிளில் ஏறினால் அவளுக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகுதான்.

எனக்கு ஒரே ஆசை. முடிக்கும்போது அவள் வாயால் ‘நல்லவேளை உன்னைக் கூட்டிட்டு வந்தேன்’ என்று ஒரு வார்த்தை வரவேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

புது சைக்கிள் வந்தாயிற்று. அம்மா விடுவாளா? “கோவிலுக்குக் கொண்டு போகாம யாராச்சும் புது வண்டிய ஓட்டுவாங்களா?”

ஐயர் ஹேண்டில்பாரில் மாலை போட்டுப் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினேன். மிச்சச் சந்தனத்தை வீணாக்குவானேன்? சக்கரத்தின் நடுவில் வட்டமாக, பளபளவென்று ஒரு தகடு இருந்தது. முன்னும் பின்னும் அதில் நானே பெரிதாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லட்சணமாக இருந்தது.

ஜூன் 28, சனி

அது பிரேக் தகடாம்.

பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று அலறுகிறது. கெலாங் பாத்தா கடைத்தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. கதவு கத்தினால் என்ன செய்வோம்? தேங்காயெண்ணெய் விடுவோம். விட்டேன். சத்தம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் செம்பருத்திதான் நிறுத்தியது.

ஜூன் 29, ஞாயிறு

“அலமாக்! பிரேக்குக்கா எண்ண விட்ட? நீயெல்லாம் மருந்துக்கடை வச்சு நடத்துற.”

என் கடை ஸ்பிரிட்டையே வைத்து அக்கா தகட்டைத் துடைத்தாள். பிரேக் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தாள். இப்போது நன்றாகப் பிடிக்கிறது; அலறலும் திரும்பி வந்துவிட்டது. புதுக் கட்டை வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். இப்படியே போகவேண்டியதுதான்.

ஜூலை 5, சனி

என்னால் அவளுக்கு நேரம் தவறிவிட்டால்? தோற்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். எனக்கு இந்த வம்பு தேவையா?

ஜூலை 6, ஞாயிறு

கை கால் எல்லாம் வலி. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நினைத்தபடியே ஆயிற்று. தோட்டத்துக்குள் நுழைந்த உடனே அக்கா முன்னால் போய்விட்டாள். ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக் பிடிக்க, அது அலற, குரங்குகள் மரத்துக்கு மரம் ஓடின. ஒரு மலாய்க்காரப் பெரியவர் ஆம்புலன்ஸ் வருகிறதென்று ஓரம் ஒதுங்கி, நான் என்று தெரிந்ததும் சிரித்து, கையைக் காட்டி வழிவிட்டார்.

காட்டுக்குள் மழைச் சேறு. தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். கணுக்காலில் ஏதோ நமநமவென்றது. பார்த்தால் அட்டை. ஒன்றில்லை, ஒரு குடும்பமே. விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நேரம் போனது தெரியவில்லை. இவள் இந்நேரம் ஆற்றுப் பாலத்தையே தாண்டியிருப்பாள், எனக்காகவா நிற்கப்போகிறாள் என்று வாய்விட்டே திட்டினேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அக்கா. முகமெல்லாம் சேறு, மூச்சு வாங்குகிறது. பாலத்திலிருந்து, நடுவிலிருக்கும் பெரிய மேட்டை மறுபடி ஏறி இறங்கி வந்திருக்கிறாள்.

“ஏன்டி, சத்தத்தையே காணோம்?”

“என்ன சத்தம்?”

“உன் பிரேக்குதான். காலையிலேர்ந்து அதக் கேட்டுக்கிட்டுத்தானே ஓட்டுறேன். திடீர்னு நின்னுபோச்சு. எங்கயாச்சும் பள்ளத்துல கெடக்குறியோன்னு…”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டே அழுதேன். அவளும் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால். முடிவிடத்து அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் கிடையாது. வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரெங் மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடப்பாள் என்று பார்த்தால், என் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, தேங்காயெண்ணெய்க் கதையைப் பக்கத்திலிருந்த எல்லாருக்கும் சொன்னாள்.

ஜூலை 15, செவ்வாய்

புதுக் கட்டை மாட்டியாயிற்று. ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா.

ஜூலை 20, ஞாயிறு

அக்காவோடு தோட்டத்துப் பக்கம் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிரேமளாவா இது? பார்த்துக்கொண்டே போய் லோங்காங் சாக்கடையில் முன்சக்கரத்தை விட்டாள்.

“இப்படிப் பூனை மாதிரி வராதடி. பயமா இருக்கு.”

ஜூலை 30, புதன்

மெய் லிங்குக்குக் கை சரியாகிவிட்டதாம். டிசம்பர் ஓட்டத்துக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவர்கள் பழைய ஜோடி.

ஆனாலும் சாயங்காலம் முழுக்கக் கடையில் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

காலையில் அக்கா ஒரு சைக்கிள் மணியோடு வந்தாள். பழைய காலத்துத் தபால்காரர் மணி மாதிரி, நல்ல கனம். என்னைக் கேட்காமலே என் ஹேண்டில்பாரில் முடுக்கினாள்.

“டிசம்பர்ல பாதை இன்னும் மோசமா இருக்கும் லா. அடிச்சிக்கிட்டே வா.”

“மெய் லிங்?”

“அவளுக்கு வேற ஆள் கெடைக்கும்.”

அம்மா உள்ளேயிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிறகு, மணியில் மட்டும் ஒரு பொட்டு வைக்க அனுமதித்தோம்.

நான் கேட்க நினைத்த அந்த வார்த்தையை அக்கா இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். தெருமுனை வரை அவளை முன்னால் போகவிட்டு, ஒருமுறை மணியை அடித்துப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தாள்.