மாய்க்கா

அன்புள்ள அக்கா,

"வயித்துப் பிள்ளை போயிடுச்சின்னு அவ அம்மாவுக்கு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் கேட்டாய்.

பிள்ளை போன அன்று வலியில் என் மனைவி, "மாய்க்கா வேண்டும்" என்று அழுதாள். நாங்கள் சேர்ந்து படித்த ரஷ்யாவில் அது பனியன். வீட்டுக்கு ஓடிப்போய் ஒன்று எடுத்து வந்து கையில் கொடுத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குள் எப்போதும் ரஷ்ய மொழிதான். அவளுடைய பல்கேரிய மொழியை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டு மொழிக்கும் எழுத்து ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

நேற்றுதான் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் ரஷ்ய மொழி வரும்.

"என்னைத் தேடினாளா?"

"இல்லை. மாய்க்காதான் கேட்டாள்."

"எங்கள் மொழியில் அம்மாவைத்தான் அப்படிச் சொல்வோம்" என்றார்.

சனிக்கிழமை வருகிறார். ஏர்போர்ட்டுக்கு நீயும் வா அக்கா. தனியாக அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

உன் தம்பி