தொடக்கூடாத பதிமூன்று நாள்

சுமினா அப்பா,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். அரிசியும் நெய்யும் அடுப்புப் பக்கத்துல இருக்கு, நான் தொடலை. பதிமூணு நாளும் நீங்க உப்பு சேர்க்கக் கூடாதே, உப்பு டப்பாவை உள்ளே வெச்சுட்டேன். பத்து மணிக்குக் காட்மாண்டுலேருந்து புரோகிதர் வீடியோவுல வருவார். விளக்கேத்துறதுக்கு முன்னாடி புகை அலாரத்தைக் கழட்டிடுங்க.

நேத்து சுமினா கட்டிப்பிடிச்சதுக்கு நீங்க அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். கருமம் பண்றவரைத் தொட்டா தீட்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நியூயார்க் ஸ்கூல்ல, துக்கத்துல இருக்கறவங்களைக் கட்டிப்பிடின்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்கப்பா போனதுக்கு இந்த வீட்டுல அழுதது அவ ஒருத்திதான்.

ஜமுனா

பி.கு: சுமினா காலண்டர்ல பதிமூணாம் நாளைச் சுத்தி வட்டம் போட்டு வெச்சிருக்கா. "அன்னிக்கு எத்தனை மணிலேருந்து அப்பாவைத் தொடலாம்?"னு கேட்டா. எனக்குத் தெரியலை. புரோகிதரைக் கேட்டு வைங்க.