கையில்லாத நாற்காலி

என் செல்ல மகளுக்கு,

நான் ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சிரிக்காதே. அம்பாசமுத்திரத்தில் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பெண்களுக்கான நேரம்.

முதல் நாள், பயிற்சி கொடுக்கும் பிரேமலதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தன கிலோ கொறைக்கணும்க்கா?" என்று கேட்டு, ரோஸ் நிறத்தில் இரண்டு சின்ன டம்பெல்லைக் கையில் திணித்தாள். கல்லிடைக்குறிச்சியில் இருபது வருஷமாக அப்பள மாவு இடித்த கை இது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"கொறைக்க வரலம்மா, தூக்க வந்திருக்கேன்" என்றேன்.

நேற்று எண்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அது முழுக்க நான்தான் இருந்தேன்.

"யாத்தே! ஒடம்பா இது? தேருல்லா!" என்று கத்தினாள் பிரேமலதா. எனக்குக் கோபம் வரவில்லை. தேர் வந்தால் ஊர்தானே ஒதுங்கும்?

முதல் வருஷம் உன் கல்லூரி விழாவில் நான் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. உன் தோழிகள் சிரித்தார்கள். அடுத்த வருஷம், "வீண் அலைச்சல்மா, நீ வராண்டாம்" என்றாய். அலைச்சல் என்று மட்டும்தான் சொன்னாய். நானும் வரவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறேன். முன்வரிசையில் இடம் பிடித்து வை. கை வைத்த நாற்காலி எனக்குப் பத்தாது; கையில்லாததாகப் பார்த்துப் போடச் சொல்.

இப்படிக்கு,
அசைந்து அசைந்து வரப்போகும்
உன் அம்மா