பிடித்துத் தைக்காத இடுப்பு

மூல்பாக்,
ஜனவரி 9

அன்பு மகள் ரொமானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தம்பி மூவரும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய், பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் காட்டினார்கள், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இங்கே கூரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி, அப்பா தினமும் ஏறித் தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார், ஆள் வைக்கலாம் என்றால் எனக்கென்ன கையில்லையா என்று சண்டைக்கு வருகிறார். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி செவரின் விஷயம் செய்தியில் பார்த்திருப்பாய். பனிச்சறுக்கில் இறங்கிப் பறந்து தாண்டும் அந்த நான்கு மேடைப் பந்தயத்தில் ஓபர்ஸ்ட்டார்ஃபில் இரண்டாவது, புத்தாண்டன்று கார்மிஷில் முதல், இன்ஸ்புருக்கில் காற்று பெரிய பெரிய ஆட்களையெல்லாம் பாதியில் இறக்கிவிட்ட நாளில் இவன் மறுபடி முதல். ஒன்பது புள்ளி முன்னால் இருந்தான். மிச்சம் நம் பிஷோப்ஸ்ஹோஃபன் மேடை ஒன்றுதான், அதுவும் ஆறு வயதிலிருந்து அவன் பார்த்து வளர்ந்த மேடை. நாலிலும் சேர்த்து ஜெயிப்பவனுக்குத் தரும் தங்கக் கழுகு நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது போலவே ஊர் பேசியது. பேக்கரி ஹெட்விக், செவரின் ஜெயித்தால் ஊருக்கே ஒரு நாள் ரொட்டி இலவசம் என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டாள். அவன் ரொட்டியைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன் அளவெடுத்துத் தைத்த உடுப்பு அது. நீயும் தாண்டியவள், விதி உனக்குத் தெரியாததா, உடம்புக்கும் துணிக்கும் நடுவே சொன்ன அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால் துணி காற்றைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூடுதல் தூரம் தூக்கிப் போகும், அளவுக்காரர்கள் விடமாட்டார்கள். ஐந்தாம் தேதி தேர்வுச் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் காஸ்னர் நான் தைக்கும் அணி வண்டிக்குள் தலையை நீட்டி, "தெரஸ், பையனுக்கு இடுப்புல தொளதொளங்குது, நாளைக்குள்ள பிடிச்சுடு, இல்லேன்னா நம்ம மானம் கப்பலேறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டேப்பைச் சுற்றினேன். கிறிஸ்துமஸுக்கு இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைவு. டேப்புக்கு அடியில் எலும்பு என் விரலில் இடித்தது. என்னடா சாப்பிட்டாய் என்றேன். "ஆப்பிள் சாப்ட்டேன்மா" என்றான். முழு ஆப்பிளா என்றேன், சிரித்தான். "ஒரு கிலோ குறைஞ்சா ரெண்டு மீட்டர் கூடும்மா, இன்னும் ரெண்டே தாண்டல்தான், அப்புறம் நீ போடற உருண்டையெல்லாம் சட்டியோட திங்கறேன், சரியா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். இதே பேச்சை நான் உன் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நூல் கோத்தேன், சாக்குக்கட்டியால் கோடு போட்டேன், துணியை ஊசிக்கு அடியில் வைத்தேன், ஆனால் கால் மிதிக்கவில்லை. கோட்டைத் தட்டிவிட்டு உடுப்பை அப்படியே மாட்டிவிட்டேன். காலையில் காஸ்னர் கேட்டபோது பிடித்தாயிற்று என்றேன். முப்பது வருடத்தில் என் தையலை யாரும் சரிபார்த்ததில்லை, அந்த நம்பிக்கையைத்தான் நான் திருடினேன். ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். தாண்டுவதற்கு முன்பே மேடை உச்சியிலேயே அளந்து கண்டுபிடித்துவிடுவார்கள், ஏன் இப்படி இளைத்தாய் என்று யாராவது கேட்பார்கள், டாக்டர் வருவார், பிள்ளை பிழைப்பான் என்று நினைத்தேன். மேலே அவனை அளக்கவே இல்லை.

இரண்டாவது தாண்டலில் நூற்று நாற்பத்திரண்டு மீட்டர். பலகையில் முதலிடத்தில் அவன் பெயர். அப்பா முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் கைதட்டினேன், ஒரு நிமிடம் அந்த இடுப்பை மறந்தே போனேன் என்றால் நம்புவாயா. அதற்குப் பிறகுதான் அளந்தார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம். பெயரை எடுத்துவிட்டார்கள். "முப்பது வருஷமா தைக்கிறவ, ஒன்றரை சென்டிமீட்டர்ல கோட்டை விட்டுட்டியேடி" என்றார் அப்பா. காஸ்னர் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டிக்குள் என்னைத் தேடி வந்தவன் செவரின் ஒருவன்தான். திட்டுவான் என்று நின்றேன். என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா, நீ தைச்சப்புறம் நான் இன்னும் இளைச்சிருக்கேன் போல, தப்பு எம்மேலதான், மைக்குலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், உன்ன யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றான். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அவனுக்குப் பிடித்த நூடுல் சூப் வைத்தேன். கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, "இனிமே அளவெடுக்கறதுக்கு முன்னாடியே இளைச்சு முடிச்சுடறேன்மா, அப்ப உனக்கும் கெட்ட பேர் வராது" என்று எழுந்து போய்விட்டான். அவன் கழுகையும் பிடுங்கினேன், ஒரு வாய் சூப் கூட அவன் வயிற்றுக்குள் போகவில்லை. என் நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது ரொமானா.

பயிற்சிக்குப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறான், அப்போது உண்மையைச் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவன் என் முகத்தில் விழிப்பதை நிறுத்தியிருந்தாலும் இருக்கும். அதனால் நீதான் அவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மாடிப்படியில் சும்மா இறங்கும்போது உன் கால் ஒடிந்ததைச் சொல், பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அறுபது வயசு எலும்பு என்று டாக்டர் சொன்னதைச் சொல். பெண்களுக்கு இடமே தராத நாலு மேடைப் பந்தயத்தில் என்றாவது இடம் தருவார்கள் என்று நம்பி நீ பட்டினி கிடந்ததைச் சொல். நான் சொன்னால் அம்மாவின் புலம்பல் என்பான், நீ சொன்னால் கேட்பான்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டு வருடத்தில் உன் உடுப்பைப் பதினோரு முறை பிடித்துத் தைத்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது என்றேன், நீ படுக்கையில் கிடந்தபடி, "அம்மாவுக்கு எப்படித் தெரியும், நான்தான் மறைச்சேன்" என்று எனக்காகப் பேசினாய். டேப் என் கையில்தானே இருந்தது மகளே. எனக்குத் தெரியும். பதினோரு முறையும் தெரிந்தேதான் தைத்தேன், நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் எலும்புக்கும் மனசுக்கும் பலம் தரட்டும். இருபத்தொன்பதாம் தேதி தம்பியின் பிறந்தநாள், அன்று கட்டாயம் அவனைக் கூப்பிடு. என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

உன் அம்மா,
தெரஸ்